வளிமண்டல மாதிரியும் வேதியியல் நிரலகமும் சந்திக்கும் இடம்

காற்றின் ஓட்டம், வெப்பநிலை, மேகம், மழை ஆகியவற்றைக் கணக்கிடும் வளிமண்டல மாதிரி ஒன்றுக்குக் காற்றுமாசைப் பற்றியும் சொல்லத் தெரிய வேண்டுமானால், அதற்குள் வேதியியல் நுழைந்தாக வேண்டும். அந்த வேதியியலைக் கணக்கிட, மாதிரி அழைத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல்களின் தொகுப்பே வேதியியல் நிரலகம். தரைமட்டக் காற்றில் ஓசோன் 40 பிபிபி, அதாவது நூறு கோடியில் 40 பங்கு, இருக்கும்போது வாகனப் புகையில் வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் ஓசோனுடன் வினைபுரிந்துவிடுகிறது. காற்றிலுள்ள மாசுகளைத் தாக்கும் துகளான ஹைட்ராக்சில் பிழைத்திருப்பது ஒரு வினாடி அளவே. மீத்தேனோ ஏறத்தாழ 9 ஆண்டுகள் காற்றில் தங்குகிறது. இவை அனைத்தும் ஒரே சமன்பாட்டுத் தொகுதியில் ஒன்றையொன்று சார்ந்து நிற்கின்றன.

இத்தகைய சமன்பாடுகளை நேரடியாக முன்னோக்கி நகர்த்தினால், மிக வேகமான வினைக்கு ஏற்ற நுண்ணிய காலப்படிகளிலேயே முழுக் கணக்கும் ஊர்ந்து செல்ல வேண்டியிருக்கும். ஆகவே ரோசன்பிராக் வகையைச் சேர்ந்த உள்ளார்ந்த (implicit) முறைகள், அதாவது பெரிய படியிலும் நிலைகுலையாத முறைகள், கையாளப்படுகின்றன. இவற்றில் ஒவ்வொரு படியிலும் எந்தச் சேர்மம் எதைப் பாதிக்கிறது என்பதைக் காட்டும் அணி (எண்களின் அட்டவணை) ஒன்றைக் கொண்ட சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும். அதை ஒவ்வொரு மாதிரிக்கும் புதிதாக எழுதுவது வீண் உழைப்பு. 2002-இல் ஆய்விதழில் விவரிக்கப்பட்ட கேபிபி என்னும் கருவி, வினைப் பட்டியலை உரைக்கோப்பாக வாங்கிக்கொண்டு அதற்குரிய நிரலை ஃபோர்ட்ரான் என்னும் கணினி மொழியில் உருவாக்கித் தருகிறது. வளிமண்டல வேதியியலைக் கணக்கிடும் ஜியோஸ்-கெம் மாதிரி இதைப் பயன்படுத்துகிறது. அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள என்.சி.ஏ.ஆர். ஆய்வு மையம் உருவாக்கிவரும் மியூசிகா திட்டத்தின் எம்ஐசிஎம் நிரலகமோ சி++ மொழியில் எழுதப்பட்டது; வினைப் பட்டியலை நிரல் இயங்கத் தொடங்கும்போதே படித்துக்கொள்வதால், ஒரு வினையைச் சேர்ப்பதற்காக மாதிரி முழுவதையும் மீண்டும் தொகுக்க, அதாவது கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்ற, வேண்டியதில்லை.

நிரலகத்தைத் தனியே இயக்கினால் சரியாக விடை தருகிறது, மாதிரியும் தனியே சரியாக இயங்குகிறது, இரண்டையும் இணைத்தால் பிழை வருகிறது என்றால், பெரும்பாலும் அது இரண்டும் சந்திக்கும் எல்லையில்தான் இருக்கும். இணைப்பு வேலையின் கடினம் வேதியியலில் இருப்பதைவிட அந்த எல்லையில்தான் மிகுதி என்பது என் உறுதியான கருத்து.

அலகுகளையே எடுத்துக்கொள்வோம். மாதிரிகள் பலவும் ஒரு கிலோ காற்றில் எத்தனை கிலோ சேர்மம் என்று நிறைக் கணக்கில் வைத்திருக்கின்றன. வேதியியலுக்கு வேண்டியதோ மூலக்கூறுகளின் எண்ணிக்கை. ஓசோனின் மூலக்கூற்று நிறை 48, உலர்காற்றின் சராசரி 28.97. ஆகவே 40 பிபிபி ஓசோன் நிறைக் கணக்கில் நூறு கோடியில் ஏறத்தாழ 66 பங்காகிறது. இந்த மாற்றத்தைச் செய்யாமல் எண்ணை அப்படியே நிரலகத்திடம் கொடுத்தால், அது 66 பிபிபி ஓசோன் இருப்பதாக எடுத்துக்கொண்டு, நைட்ரிக் ஆக்சைடின் ஆயுளை ஏறத்தாழ 55 வினாடியிலிருந்து 33 வினாடியாகக் குறைத்துவிடும். நிரல் நிற்காது, எச்சரிக்கையும் வராது. 66 என்பது மாசடைந்த நகரம் ஒன்றில் இயல்பாகக் காணக்கூடிய அளவுதான் என்பதால், வரைபடத்தைப் பார்ப்பவருக்கும் ஐயம் எழாது. அஞ்சவேண்டியது இத்தகைய பிழைகளைத்தான். ஃபோர்ட்ரானில் வரிசை எண் வழக்கமாக 1-இல் தொடங்க, சி++ மொழியில் 0-இல் தொடங்குவதும் இதே வகைச் சிக்கலைத் தரும். சேர்மங்களை எண்ணால் அல்லாமல் பெயரால் பொருத்துவதே பாதுகாப்பு.

அடுத்தது காலம். மாதிரி முதலில் காற்றை நகர்த்தி, பிறகு வேதியியலை அழைக்கிறது. ஜியோஸ்-கெம்மில் நகர்வுக்கு 10 நிமிடமும் வேதியியலுக்கு 20 நிமிடமும் வழக்கமான இடைவெளிகள். அந்த 20 நிமிடத்தைத் தேவைக்கேற்பச் சிறு படிகளாக நிரலகம் தானே பிரித்துக்கொள்ளும். ஆனால் சூரிய ஒளியால் நிகழும் வினைகளின் வேகத்தை யார், எந்தக் கணத்துக்குக் கணக்கிடுவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்தாக வேண்டும்; விடியும் பகுதியில் இடைவெளியின் தொடக்க மதிப்பை மட்டும் கொடுத்தால், நிரலகம் இருபது நிமிடமும் இருளிலேயே கணக்கிடும். காற்று நகர்வுக் கணக்கு சில வேளைகளில் சிறிய எதிர்ம அளவுகளை விட்டுவைப்பதும் உண்டு. அவற்றைப் பூச்சியமாக்குவது எளிய வழிதான் என்றாலும், ஒவ்வொரு முறையும் இல்லாத பொருளைக் காற்றில் சேர்ப்பதாகவே அது முடியும்.

வேகத்தைப் பொறுத்தவரை ஒரு வசதி உண்டு: மாதிரி காற்றைப் பல சிறு கட்டங்களாகப் பிரித்துவைக்கிறது; வேதியியலில் ஒவ்வொரு கட்டமும் தன்னளவில் தனியானது என்பதால், பல கட்டங்களை ஒருசேரக் கணக்கிடலாம். ஆனால் பகலும் இரவும் சந்திக்கும் கட்டங்களில் பொதுவாகக் கூடுதல் படிகள் தேவைப்படுவதால், அவற்றைப் பெற்ற செயலிக்காக மற்றவை காத்திருக்க நேரும்.

இணைப்பைச் சோதிக்க, 1930-இல் சிட்னி சாப்மன் முன்வைத்த ஓசோன் வினைத்தொகுதி மிகவும் பொருத்தமானது. அதில் நான்கே வினைகள். ஆக்சிஜன் அணுக்களின் கூட்டுத்தொகை எப்போதும் மாறக்கூடாது. இங்கும் கவனம் தேவை. காற்றில் ஆக்சிஜன் வாயு 21 விழுக்காடு இருப்பதால், 40 பிபிபி ஓசோன் முழுவதும் தொலைந்துபோனாலும் கூட்டுத்தொகை ஒரு கோடியில் மூன்று பங்கு அளவுக்கே மாறும். ஏறத்தாழ ஏழு இலக்கங்களை மட்டுமே தாங்கும் ஒற்றைத் துல்லியத்தில் இந்த இழப்பு கண்ணில் படாமலே போகக்கூடும். எனவே கூட்டுத்தொகையை இரட்டைத் துல்லியத்தில் கணக்கிட வேண்டும். ஓசோனைத் தனியாகவும் ஒப்பிட வேண்டும்.

அதன்பின், காற்று நகர்வை நிறுத்திவைத்து, ஒரே ஒரு கட்டத்தின் விடையை நிரலகம் தனியே தரும் விடையோடு ஒப்பிடலாம். உள் படிகளின் தொடக்க அளவும், நிரலைத் தொகுக்கும் மென்பொருளான தொகுப்பியும் வேறுபடுமானால், கடைசி இலக்கம் வரை இரண்டும் ஒத்துப்போகும் என எதிர்பார்க்கக் கூடாது. நிரலகத்தின் பிழை வரம்பை இறுக்க இறுக்க வேறுபாடு குறைகிறதா என்று பார்ப்பதே முறை. எவ்வளவு இறுக்கியும் அது குறையவில்லை என்றால், சமன்பாடு தீர்க்கும் பகுதியை விட்டுவிட்டு, அலகு மாற்றும் வரிகளையும் சேர்மங்களின் பெயர்ப் பொருத்தத்தையும் முதலில் திறந்து பார்க்க வேண்டும்.