சர்க்கரை நோயில் தானியங்கி நரம்புப் பாதிப்பு: அரசு மருத்துவமனையில் கேட்டு வாங்க வேண்டியவை

எழுந்து நின்றதும் கண் இருட்டுகிறது. இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் வயிறு நெஞ்சு வரை நிறைந்துவிடுகிறது. காலையில் தின்றது மாலையில் அப்படியே வாந்தியாக வருகிறது. சிறுநீர் முழுதாக இறங்குவதில்லை. சாப்பிடும்போது முகம் மட்டும் வியர்த்துக் கொட்ட, பாதமோ காய்ந்து வெடிக்கிறது. சர்க்கரை இறங்கினால் முன்பெல்லாம் வந்த நடுக்கமும் படபடப்பும் இப்போது வருவதில்லை, நேரே மயக்கம்தான். பல வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவருக்கு இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்திருந்தால், இதயம், இரைப்பை, சிறுநீர்ப்பை, வியர்வைச் சுரப்பிகளை நம் முயற்சி இல்லாமலே இயக்கும் தானியங்கி நரம்புகள் பழுதுபட்டிருக்கலாம். டாக்டர்கள் இதை ‘ஆட்டோனோமிக் நியூரோபதி’ என்பார்கள்.

இந்த நோய்க்கென்று தமிழ்நாட்டில் தனித் திட்டம் கிடையாது. கிடைக்க வேண்டியவை வேறு வேறு திட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. வாந்திக்கு ஒரு பிரிவு, மயக்கத்துக்கு ஒரு பிரிவு, சிறுநீருக்கு ஒரு பிரிவு என்று அலைந்து, எதையும் எதோடும் யாரும் சேர்த்துப் பார்க்காமலே வருடங்கள் போய்விடும். ஆகவே முதலில் செய்ய வேண்டியது, நோயின் பெயரை ஓ.பி. சீட்டில் எழுத வைப்பது. மேல் சிகிச்சைக்கான பரிந்துரை, பரிசோதனை, மருந்து எல்லாம் அந்த ஒரு வரியைப் பிடித்துத்தான் நகரும்.

தொடங்கும் இடம் ஆரம்ப சுகாதார நிலையம்

தொற்றா நோய்ப் பிரிவில் (என்.சி.டி. என்று கேட்டால் காட்டுவார்கள்) ரத்த அழுத்தம் பார்ப்பது வழக்கம்தான். ஆனால் உட்கார வைத்துப் பார்ப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது, படுத்தும் நின்றும் பார்ப்பது. ஐந்து நிமிடம் அசையாமல் படுத்திருந்து ஒரு அளவு, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று. ஒவ்வொரு முறையும் நாடித் துடிப்பையும் எழுதச் சொல்லுங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது கணக்கில் எடுக்க வேண்டிய இறக்கம். அழுத்தம் அவ்வளவு விழுந்தும் நாடி ஏறாமல் இருந்தால் நரம்புக் கோளாறு என்ற சந்தேகம் வலுக்கும். நீர்ச்சத்து குறைந்தவருக்கு நாடி விறுவிறுவென்று ஏறியிருக்கும். சும்மா படுத்திருக்கும்போதே நாடி 100-ஐத் தாண்டினால் அதையும் சொல்லுங்கள். செலவில்லாத சோதனை, பத்து நிமிடம் போதும். கூட்டத்தில் மறுத்தால் மதியத்துக்கு மேல் வருவதாகச் சொல்லிக் கேளுங்கள்.

2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாக சர்க்கரை, பி.பி. மாத்திரை வீட்டுக்கே வருகிறவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்தபடி பார்த்த பி.பி. அதிகம் என்று மாத்திரையின் அளவு கூடும். நிற்கும்போது விழுவதோ யாருக்கும் தெரியாது. நோயாளி குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவது இப்படியும் நடக்கும். தலைசுற்றல் இருந்தால் மாத்திரை கொண்டுவரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் சொல்லி, டாக்டரை நேரில் பாருங்கள். இதே திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கு வருவதும் உண்டு. நடை தள்ளாடுகிறவர்கள் அதைக் கேட்டுப் பெறலாம்.

மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்

பரிந்துரைச் சீட்டோடு நீரிழிவுப் பிரிவுக்குப் போங்கள். தனிப் பிரிவு இல்லாத ஊரில் பொது மருத்துவப் பிரிவு. அங்கே செய்யக்கூடிய இதய நரம்புச் சோதனைக்குப் பெரிய கருவி தேவையில்லை, சாதாரண ஈ.சி.ஜி. போதும். ஐந்து விநாடி மூச்சை இழுத்து ஐந்து விநாடி விட வேண்டும், நிமிடத்துக்கு ஆறு மூச்சு. இழுக்கும்போதும் விடும்போதும் உள்ள துடிப்பின் வித்தியாசம் 15-க்கு மேல் இருந்தால் சரி, 10 அல்லது அதற்குக் கீழ் என்றால் கோளாறு. வயது ஏற ஏற இந்த எண் தானாகவே குறையும் என்பதால் வயதையும் சேர்த்துப் பார்ப்பார்கள். காபி, டீ, பீடி, சிகரெட் எதுவும் அன்று காலை கூடாது. முந்திய இரவு சர்க்கரை இறங்கியிருந்தால் சோதனையை இன்னொரு நாளுக்குத் தள்ளிவையுங்கள், முடிவு தப்பாக வரும். குழாயில் 15 விநாடி ஊதச் சொல்லும் சோதனையும் உண்டு. விழித்திரையில் ரத்தக் கசிவு உள்ளவர்கள், லேசர் செய்துகொண்டவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வயிறு சம்பந்தமாக முதலில் எண்டோஸ்கோப்பி செய்து அடைப்பு இல்லை என்று உறுதி செய்வார்கள். பிறகு, அணு மருத்துவப் பிரிவு உள்ள இடத்தில், சிறிதளவு கதிரியக்கப் பொருள் கலந்த உணவைத் தந்து நான்கு மணி நேரம் படம் எடுப்பார்கள். தென்னிந்தியாவில் இதற்கு இட்லி தரும் மையங்களும் உண்டு. நான்கு மணி நேரத்துக்குப் பிறகும் பத்து சதவீதத்துக்கு மேல் இரைப்பையில் தங்கியிருந்தால் இயக்கம் மந்தம் என்று பொருள். வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன் போன்ற மாத்திரைகளை டாக்டரிடம் கேட்டு இரண்டு நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். சர்க்கரை மிக உயர்ந்திருந்தால் நல்ல இரைப்பையும் மந்தமாகத்தான் தெரியும். சிறுநீருக்கு, கழித்த உடனே எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்று ஸ்கேனில் பார்ப்பது போதும். மெட்பார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவர்கள் வைட்டமின் பி12 அளவையும் கேளுங்கள். அதன் குறைவும் நரம்பைக் கெடுக்கும், அந்தக் குறைவு ஊசியிலேயே சரியாகும்.

மருந்துச் சீட்டில் பார்க்க வேண்டியவை

சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். கால் எரிச்சலுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், புரோஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின், நீர் பிரியும் மாத்திரை எல்லாமே நிற்கும்போது அழுத்தத்தை இறக்கும். அமிட்ரிப்டிலின் சிறுநீரையும் அடைக்கும். ஒரு பிரிவில் எழுதியது இன்னொரு பிரிவுக்குத் தெரியாது. நீங்களாக எதையும் நிறுத்தாமல், பட்டியலை ஒரே டாக்டரிடம் காட்டி முடிவு கேளுங்கள். இரைப்பை மந்தமானவருக்கு சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலின் உணவை முந்திவிடும்: முதலில் சர்க்கரை இறங்கும், நெடுநேரம் கழித்து எகிறும். ஊசியின் நேரத்தை மாற்ற வேண்டியிருக்கும். வோக்லிபோஸ் சேர்ந்த சர்க்கரை நோய் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு சர்க்கரை இறங்கினால் வீட்டுச் சீனி சீக்கிரம் வேலை செய்யாது, குளுக்கோஸ் பொடிதான் கொடுக்க வேண்டும். இதை வீட்டில் எல்லோரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மிடோட்ரின், ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் போன்றவை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்காது. ‘இருப்பு இல்லை’ என்றால் மூலப்பெயரில் (கம்பெனி வைத்த பெயரில் அல்ல, மருந்தின் சொந்தப் பெயரில்) எழுதி வாங்கி, மக்கள் மருந்தகம் என்கிற ஜன் ஔஷதி கடையிலும் முதல்வர் மருந்தகத்திலும் விசாரியுங்கள். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து அரை அடி உயர்த்துவது காசில்லாத வைத்தியம், பலனும் உண்டு.

நெஞ்சு வலி இல்லாமலே மாரடைப்பு வரலாம் என்பதுதான் இந்த நோயின் பெரிய ஆபத்து. திடீரென்று மூச்சு வாங்கி, குளிர்ந்து வியர்த்தால் வாயு என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.

காப்பீடும் ஊனச் சான்றும்

அரசு மருத்துவமனையின் வெளிநோயாளி சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டை வேண்டாம். படுக்கையில் சேர்க்கும் நிலை வரும்போதுதான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடு உதவும்: வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை. ரேஷன் கார்டு, ஆதார், வி.ஏ.ஓ. தரும் வருமானச் சான்று இவற்றோடு கலெக்டர் அலுவலக மையத்தில் பதியலாம். முகாமில் பதிந்துள்ள இலங்கைத் தமிழருக்கு வருமான வரம்பு இல்லை. பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மட்டுமே பணம் வரும். மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு வராது. சந்தேகத்துக்கு 1800 425 3993.

ஊனமுற்றோர் சான்று பற்றி நிறைய பேர் தவறாக நம்பிப் போய் ஏமாறுகிறார்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 ஊன வகைகளில் சர்க்கரை நோய் இல்லை. ‘நாட்பட்ட நரம்பு நோய்கள்’ என்ற தலைப்பு உண்டு, ஆனால் அங்கே உதாரணமாகச் சொல்லப்பட்டவை மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸும் பார்க்கின்சனும்தான். சலுகைகளுக்குத் தேவையான 40 சதவீத ஊனத்தைத் தானியங்கி நரம்புப் பாதிப்பை மட்டும் காட்டிப் பெறுவது கடினம். விரல் அல்லது கால் எடுக்கப்பட்டிருந்தால் இயக்கக் குறைபாடு, விழித்திரை கெட்டிருந்தால் பார்வைக் குறைபாடு என்ற வகையில் விண்ணப்பியுங்கள். இரண்டும் இருந்தால் சேர்த்துக் கணக்கிடச் சொல்லுங்கள். விண்ணப்பம் யு.டி.ஐ.டி. (மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை) இணையதளத்தில். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். சட்டத்தின் 59-ம் பிரிவில் மேல்முறையீடு செய்ய அந்தத் தாள் வேண்டும்.