தொட்டிச் செம்பருத்தி: மொட்டு எங்கே வருகிறது, ஏன் உதிர்கிறது

செம்பருத்தி பழைய கட்டையில் பூக்காது. புதிதாக ஓடுகிற துளிரில், இலைக்காம்பு தண்டோடு சேருகிற கோணத்தில்தான் மொட்டு வைக்கும். ஒரு பூவுக்கு ஆயுள் ஒரு நாள், காலையில் விரிந்து சாயங்காலம் சுருண்டுவிடும், ஒட்டுரகங்களில் சில மட்டும் இரண்டு நாள் தாங்கும். ஆகவே தினமும் சாமிக்குப் பூ வேண்டுமென்றால் செடியில் எங்கேயாவது ஒரு நுனி வளர்ந்துகொண்டே இருக்க வேண்டும். பூக்கவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, எத்தனை நுனி இருக்கிறது, அது ஓடுகிறதா நின்றுவிட்டதா என்பதைத்தான். உரப் பேச்சு அப்புறம்.

நுனியைக் கூட்ட வழி, வெட்டுவதுதான். வளர்கிற நுனி ஆக்சின் என்ற ஹார்மோனைத் தண்டு வழியாகக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும், அது இருக்கும்வரை கீழே உள்ள பக்க முளைகள் கிளம்பாது. நுனியை வெட்டியதும் அந்தத் தடை விலகி, வேரிலிருந்து வரும் சைட்டோகைனின் என்ற இன்னொரு ஹார்மோனின் கை ஓங்கி, ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டு மூன்று கிளம்பும். நாட்டுச் செம்பருத்தி வெட்டிய இரண்டு மாதத்தில் பூவுக்கு வந்துவிடும், ஒட்டுரகத்துக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். சித்திரை, வைகாசியில் கத்தரியை எடுக்காதீர்கள், அந்த வெயிலில் புதுத்துளிர் கருகும். ஆடி கடைசியில் வெட்டினால் ஐப்பசி மழைக்குச் செடி தயாராக இருக்கும். தினம் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் கிடைக்காத இடத்தில் இதெல்லாம் செய்தும் பெரிய பலன் இல்லை.

இங்கே மதுரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, சிக்கல் அதன் மறுபக்கம். அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தொடுகிற நாட்களில் மொட்டைமாடித் தளத்தில் நேரடியாக வைத்த கறுப்பு பிளாஸ்டிக் தொட்டிக்குள் மண், காற்றைவிடவும் சூடாகிவிடும். தரையில் நட்ட செடியின் வேர் ஆழத்துக்குப் போய்க் குளிர்ச்சி தேடும், தொட்டி வேருக்குப் போக்கிடம் இல்லை. வேர் தண்ணீர் இழுப்பது குறைந்ததும் செடிக்குள் எத்திலீன் கூடுகிறது, மாம்பழத்தைப் பழுக்க வைக்கிற அதே வாயுதான். செம்பருத்தி அதற்கு ரொம்பவே மசிகிற செடி. மொட்டுக்காம்பில் ஏற்கெனவே ஒரு மெல்லிய பிரிவடுக்கு இருக்கிறது, எத்திலீன் ஏறினால் அங்கே செல்களை ஒட்டவைத்திருக்கும் பொருள் கரைந்து மொட்டு விழுகிறது. இலையையும் வேரையும் காப்பாற்ற, செலவு அதிகம் பிடிக்கிற பூவைச் செடி கைவிடுகிறது, அவ்வளவுதான். மண் தொட்டிக்கு மாறுங்கள், இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள், மேல்மண்ணைக் காய்ந்த இலைச் சருகால் மூடுங்கள், மதியத்துக்கு மேல் பச்சை வலை நிழல் கொடுங்கள். மண்ணை ஒரேயடியாகக் காய விட்டுக் காய விட்டு ஊற்றுவது கெடுதல், அடியில் நீர் தேங்குவதும் அதே அளவுக்குக் கெடுதல்.

இனி தண்ணீர். இங்கே பெரும்பாலான வீடுகளில் செடிக்குப் போவது போர் தண்ணீர், குழாய் வாயில் வெள்ளை படிகிற உப்புத் தண்ணீர். அதில் உள்ள பைகார்பனேட் மாதக்கணக்கில் மண்ணைக் காரமாக்கும். கார மண்ணில் இரும்புச்சத்து இருக்கும், ஆனால் கரையாத வடிவத்தில் இருப்பதால் வேர் எடுக்க முடியாது. அடையாளம் சுலபம்: புதிய இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். (அடி இலை மஞ்சளாவது வேறு சங்கதி, அதற்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவோ வேர்ச் சிக்கலோ காரணமாக இருக்கும்.) இரும்பு இல்லாமல் பச்சையம் உருவாகாது, பச்சையம் இல்லாத நுனி ஓடாது, நுனி ஓடாவிட்டால் மொட்டு ஏது?

இந்த நிலையில் இருக்கிற செடிக்குத்தான் நம் ஆட்கள் பூக்கட்டும் என்று டி.ஏ.பி. (டை அமோனியம் பாஸ்பேட்) உரத்தைப் போடுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம் உண்டு. டி.ஏ.பி.யில் 18 சதவீதம் தழைச்சத்து, 46 சதவீதம் மணிச்சத்து (பாஸ்பேட்), சாம்பல்சத்து (பொட்டாஷ்) அறவே கிடையாது. செம்பருத்திக்கு வேண்டியது நேர் எதிர்: மணிச்சத்து குறைவு, சாம்பல்சத்து அதிகம். மிஞ்சிய மணிச்சத்து தொட்டியிலேயே தங்கி, கொஞ்சநஞ்சம் கரைந்த இரும்பையும் பிடித்துக் கட்டிவிடும். எலும்புத்தூளும் மணிச்சத்துச் சரக்குதான், அதையும் தவிருங்கள். மண்புழு உரம் மாதம் ஒரு கைப்பிடி, அதோடு வெள்ளை பொட்டாஷ் என்று கடையில் கிடைக்கிற சல்பேட் ஆஃப் பொட்டாஷ் லிட்டருக்கு இரண்டு கிராம் கரைத்துப் பதினைந்து நாளுக்கு ஒரு தடவை, போதும். சிவப்பு பொட்டாஷில் குளோரைடு இருக்கிறது, உப்புத் தண்ணீரோடு அது சேர வேண்டாம். அடுப்புச் சாம்பலிலும் சாம்பல்சத்து உண்டு, ஆனால் அதுவே காரம் என்பதால் போர் தண்ணீர் ஊற்றுகிற தொட்டிக்கு நான் சொல்ல மாட்டேன். வாழைப்பழத்தோலைப் பச்சையாகப் புதைப்பதைவிட மக்க வைத்துப் போடுவது நல்லது.

மஞ்சளாகிவிட்ட நுனிக்கு உரக்கடையில் கிடைக்கிற அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், கைகொடுக்கும். லிட்டருக்கு ஐந்து கிராம், கூடவே சில சொட்டு எலுமிச்சைச் சாறு, சாயங்காலம் இலையின் இரு பக்கமும் நனையத் தெளித்தால் மண்ணின் காரத்தைச் சுற்றிக்கொண்டு இரும்பு நேராக இலைக்குள் போய்விடும். தரையில் பட்டால் துருக்கறை போகாது, பார்த்துத் தெளியுங்கள். மழை பெய்கிற நாட்களில் மாடித் தண்ணீரைப் பிடித்து, தொட்டியின் அடித்துளை வழியே தாராளமாக ஓடும்படி ஊற்றினால் சேர்ந்த உப்பு கழுவிப் போகும், இதற்கு ஈடான வைத்தியம் எதுவும் இல்லை.

எல்லாம் சரியாக இருந்தும் மொட்டு உதிர்ந்தால், விழுந்த மொட்டை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே கோடு கோடாக நெளிகிற பொடிப் பூச்சி இருந்தால் இலைப்பேன். நுனியில் பஞ்சுபோல் ஒட்டியிருந்தால் மாவுப்பூச்சி, எறும்பு வரிசையே அதைக் காட்டிக்கொடுக்கும். மாவுப்பூச்சி பிடித்துச் சுருண்ட நுனியை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு நன்றாகக் கலக்கி, வெயில் தாழ்ந்த பிறகு வாரம் ஒரு முறை அடியுங்கள். இலைப்பேன் இருந்த மொட்டுகளைத் தொட்டி மண்ணிலேயே விட்டுவைக்காமல் அன்றன்றைக்கே பொறுக்கிக் கட்டிக் குப்பையில் போட வேண்டும்.