அரை ஜூல் வெற்றிடம்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு மேலே நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு கிலோமீட்டராக ஒரு பெட்டியைக் கற்பனை செய்யுங்கள். உள்ளே இருக்கும் காற்று, வெளிச்சம், மீன் வாடை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மிச்சமிருக்கும் வெற்றிடத்தில் உள்ள இருண்ட ஆற்றல் சுமார் அரை ஜூல். 100 கிராம் நெத்திலியைத் தரையிலிருந்து அரை மீட்டர் தூக்கலாம், அவ்வளவுதான்.

இந்தச் சொற்பமா பிரபஞ்சத்தையே வேகம் கூட்டி விரிக்கிறது? ஆமாம். பிரபஞ்சம் விரிய விரியப் பொருளின் அடர்த்தி குறைந்துகொண்டே போகும். வெற்றிடத்தின் ஆற்றல் அடர்த்தியோ குறையாது. கன அளவு இரட்டித்தால் மொத்த ஆற்றலும் இரட்டிக்கும். அப்படிப்பட்ட ஆற்றலுக்கு எதிர்மறை அழுத்தம் (பூஜ்யத்துக்கும் கீழான அழுத்தம்) உண்டு, அந்த அழுத்தம் விலக்கித் தள்ளும் என்கின்றன ஐன்ஸ்டைனின் சமன்பாடுகள். 1998இல் தொலைதூரச் சூப்பர்நோவாக்கள் (வெடிக்கும் விண்மீன்கள்) எதிர்பார்த்ததைவிட மங்கலாக, அதாவது இன்னும் தூரத்தில், தெரிந்ததை வைத்து இரண்டு குழுக்கள் இதைப் பிடித்தன. 2011இல் நோபல் பரிசும் வந்தது. இன்றைய கணக்கில் பிரபஞ்சத்தின் மொத்த ஆற்றலில் ஏறக்குறைய 68 சதவீதம் இதுதான்.

அதற்காக ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் தூரம் கூடிவிடாது. இங்கே மற்ற விசைகள் அதை எளிதாக அடக்கிவிடும். கூடியதுபோல் தோன்றினால், கன்டெய்னர் லாரி வரிசையைத்தான் திட்ட வேண்டும்.

துகள் இயற்பியலாளர்களின் தலைவலியே வேறு. அவர்கள் கணக்கில் ஒவ்வொரு துகளும் வெளி முழுதும் பரவிய ஒரு புலத்தின் அதிர்வு. எந்தப் புலமும் முழுதாக அசையாமல் இருக்கக் குவாண்டம் விதிகள் விடாது. ஆகவே துகளே இல்லாத இடத்திலும் ஆற்றல் இருந்தாக வேண்டும். சரி, எவ்வளவு? மிக நுண்ணிய அளவு வரை கூட்டிப் பார்த்தால், அளந்ததைவிட 1க்குப் பின்னால் சுமார் 120 பூஜ்யங்கள் போட்ட மடங்கு வருகிறது. வெற்றிடத்துக்கு ஆற்றல் இருப்பதில் எனக்கு வியப்பில்லை. இவ்வளவு கொஞ்சமாக இருப்பதுதான் புதிர்.

துகள்களில் போசான், ஃபெர்மியான் என இரண்டு வகை. இந்தக் கணக்கில் போசான்களின் பங்கு கூட்டலாகவும் ஃபெர்மியான்களின் பங்கு கழித்தலாகவும் வரும். ஒவ்வொன்றுக்கும் சரிசமமான ஜோடி இருந்தால் கணக்கு பூஜ்யமாகிவிடும். இதுதான் மீச்சமச்சீர் கொள்கை. ஆனால் ஜெனீவா அருகே துகள்களை மோதவிடும் பெரிய மோதுகலனில் அந்த ஜோடிகள் இதுவரை சிக்கவில்லை. அப்படி ஜோடிகள் உண்டு என்றாலும் அவை மிகக் கனமாகத்தான் இருக்க வேண்டும். அப்போதும் 60 பூஜ்யங்களாவது மிஞ்சும்.

இன்னொரு வழி, இருண்ட ஆற்றல் மாறிலியே அல்ல, மெல்ல மாறும் ஒரு புலம் என்பது. மெல்ல மாற அது மிக லேசாக இருக்க வேண்டும். அவ்வளவு லேசான புலம் பொருளோடு ஊடாடினால், நமக்குத் தெரிந்த நான்கு அடிப்படை விசைகளைத் தாண்டி ஐந்தாவது விசை ஒன்று தென்பட வேண்டுமே? அடர்த்தியான இடங்களில் கனமாகி ஒளிந்துகொள்ளும் பச்சோந்திப் புலத்தை 2004இல் கூரி, வெல்ட்மன் என்ற இரு இயற்பியலாளர்கள் முன்வைத்தார்கள். கெட்டிக்காரத்தனமான யோசனை, எனக்கென்னவோ வசதிக்காகச் செய்ததுபோல் இருக்கிறது. அணுக்களை வைத்துச் செய்த சோதனைகள் அது ஒளிய இருந்த இடத்தைப் பெருமளவு சுருக்கிவிட்டன.

அப்புறம், அரிசோனாவில் 5,000 ஒளியிழைகளோடு விண்மீன் மண்டலங்களை அளக்கும் டெசி கருவி 2024இலும் 2025இலும் ஒரு சாடை காட்டியது. மற்ற அளவீடுகளோடு சேர்த்துப் பார்த்தால், இருண்ட ஆற்றல் காலப்போக்கில் தளர்வதுபோல் தெரிகிறது. கண்டுபிடிப்பு என்று அறிவிக்கத் தேவையான உறுதி இன்னும் வரவில்லை. வந்தாலும், இருண்ட ஆற்றல் மாறிலி அல்ல என்பது உறுதியாகுமே தவிர, அந்த 120 பூஜ்யங்கள் எங்கே போயின என்பதற்கு அது பதிலாகாது.