தகரச் சுவரில் விளக்கு மாட்டுவது: மேலே அடைப்பு, கீழே வழி

பல்லடம் பக்கம் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் தறிக்கூடம் வைத்திருக்கிறார். கூரையும் ஷீட், சுவரும் ஷீட். வாசலுக்கு மேலே மாட்டியிருந்த ஃப்ளட் லைட் ஆடி முடிவதற்குள் அணைந்துபோனது. கழற்றிப் பார்த்தபோது கண்ணாடிக்குள் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றது. விளக்கைச் சுற்றி நான்கு பக்கமும் கனமாக சிலிக்கான் பூசியிருந்தார்கள். "சுத்தி அடைச்சுத்தானுங்க விட்டேன், ஒரு சொட்டு போக வழியில்லீங்களே" என்றார் மாட்டிய எலக்ட்ரீஷியன். அவர் கவனமாகத்தான் செய்திருந்தார். அந்த நான்கு பக்க அடைப்புதான் விளக்கைக் கெடுத்தது என்று அவரிடம் சொல்லிப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஷீட்டிலிருந்து ஆரம்பிக்கலாம். சுவருக்கு அடிக்கும் கலர் ஷீட் பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் தடிமன்தான். ஒரு தாளை இரண்டு டம்ளருக்கு நடுவே பாலம் மாதிரி வைத்துப் பாருங்கள், தொய்ந்து விழும். அதே தாளை விசிறி மடிப்பாக மடித்து வைத்தால் ஒரு சாவிக்கொத்தையே தாங்கும். மடிப்பு தகட்டை அதன் நடுக்கோட்டிலிருந்து முன்னும் பின்னும் தள்ளி வைக்கிறது, அந்தத் தூரம் இரண்டு மடங்கானால் வளையாத தன்மை சுமார் நான்கு மடங்காகிறது. லண்டன் டாக் கம்பெனியின் பொறியாளர் ஹென்றி ராபின்சன் பால்மர் 1829-ல் மடிப்புத் தகரத்துக்குக் காப்புரிமை வாங்கினார், இன்று நாம் பார்க்கும் எல்லா ஷெட்டும் அந்த யோசனையின் வாரிசுதான். ஆனால் இந்த விறைப்பு மேட்டின் நீளவாக்கில் மட்டும்தான் கிடைக்கும். குறுக்குவாக்கில் ஷீட் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடங்கும். இரண்டு மேட்டுக்கு நடுவே இருக்கும் பள்ளத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் டப் டப் என்று உள்ளே போய் வெளியே வரும். நாம் விளக்கை மாட்டுவது பெரும்பாலும் அந்தப் பள்ளத்தில்தான்.

2 கிலோ விளக்கு ஒன்றை 30 செ.மீ. நீளக் கையில் மாட்டி, கையின் அடித்தட்டை 10 செ.மீ. இடைவெளியில் மேலும் கீழுமாக இரண்டு ஸ்க்ரூ போட்டுப் பிடிக்கிறோம் என்று வையுங்கள். மேல் ஸ்க்ரூவை வெளியே இழுக்கும் விசை சுமார் 6 கிலோ. நெம்புகோல் கணக்கு, அவ்வளவுதான். அரை மில்லிமீட்டர் தகட்டில் ஸ்க்ரூவின் ஒரு மரைகூட முழுசாகப் பிடிக்காது. அதற்கு மேல் காற்று. மணிக்கு 54 கி.மீ. வேகக் காற்று, 30 செ.மீ.க்கு 20 செ.மீ. முகம் உள்ள விளக்கைக் கிட்டத்தட்ட ஒரு கிலோ விசையில் தள்ளும், அதுவும் விட்டுவிட்டுத் தள்ளும். ஓட்டை மெல்ல மெல்லப் பெரிதாகும், அப்புறம் அந்த வழியாகத் தண்ணீர்.

தண்ணீர் மேலிருந்து கீழே ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். குறுகிய இடுக்கு கிடைத்தால் கீழிருந்து மேலேயும் ஏறும் என்பதுதான் மறந்துபோகிறது. விளக்கின் அடித்தட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், நன்றாக நனையும் பரப்பில் நுண்புழை விசையால் நீர் சுமார் 3 செ.மீ. வரை ஏறிவிடும், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல. இடைவெளியை 6 மில்லிமீட்டராக்கினால் அதே நீர் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் ஏறாது. இடைவெளி குறையக் குறைய ஏற்றம் கூடுகிறது. அதனால் ஷீட்டோடு விளக்கை ஒட்டினாற்போலவும் ஒட்டாததுபோலவும் வைப்பதுதான் ரொம்ப மோசமான நிலை. ஒன்று, நடுவே வைக்கிற ரப்பர் நன்றாக அமுங்கி இடுக்கே இல்லாமல் இருக்க வேண்டும். இல்லையென்றால் விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டுவிட வேண்டும்.

நான்கு பக்கமும் சிலிக்கான் பூசினால் இடுக்கு அடைபட்டதாகத் தோன்றும். வெயிலும் காற்றும் சில மாதத்தில் எங்கோ ஓரிடத்தில் மயிரிழை விரிசலை உண்டாக்கிவிடும், உள்ளே நுழைய அது போதும். நுழைந்த நீருக்குக் கீழே வடிய வழி கிடையாது, ஆவியாகவும் வழி கிடையாது, அடித்தட்டுக்குப் பின்னால் குட்டை மாதிரி தேங்கி நிற்கும். வயர் விளக்குக்குள் நுழைவதும் சரியாக அந்த இடத்தில்தான்.

அங்கிருந்து கண்ணாடிக்குள் போனது எப்படி? விளக்கு மூச்சு விடும். எரியும்போது உள்ளே இருக்கும் காற்று 60 டிகிரிக்குச் சூடாகி விரிந்து, வயர் இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளியேறிவிடுகிறது. திடீரென்று மழை அடித்து 25 டிகிரிக்குக் குளிர்ந்தால் உள்ளே அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைகிறது. கேட்கச் சின்னதாக இருக்கும், ஆனால் அது ஏறக்குறைய 1 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமம். வயரைச் சுற்றித் தேங்கியிருக்கும் நீரை விளக்கு உறிஞ்சிக் குடிக்கிறது என்றே சொல்லலாம். பெட்டியில் தூசு, நீர் பாதுகாப்பைக் குறிக்கும் ஐபி 65 என்ற எண் போட்டிருந்தாலும் இதுதான் கதை. அந்த 6 தூசு புகாது என்பதற்கு, 5 பீய்ச்சும் நீரைத் தாங்கும் என்பதற்கு. நீரில் ஊறிக் கிடப்பதற்கு அதில் எந்த உத்தரவாதமும் இல்லை.

சரி, எப்படி மாட்டுவது? ஷீட்டுக்குப் பின்னால் குறுக்கே ஓடும் பர்லின், அதாவது ஷீட்டைத் தாங்கும் இரும்புச் சட்டம், எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வெளியே நின்றே கண்டுபிடிக்கலாம், ஏற்கெனவே அடித்த ஸ்க்ரூ தலைகள் ஒரே கோட்டில் போகும், அதுதான் பர்லின். கூரையில் மேட்டில் ஸ்க்ரூ அடிப்பார்கள், பள்ளத்தில் தண்ணீர் ஓடுவதால். சுவரில் பெரும்பாலும் பள்ளத்தில் அடிப்பார்கள், அங்கேதான் தகடு பர்லினைத் தொட்டுக்கொண்டிருக்கும். மேட்டுக்குப் பின்னால் வெற்றிடம், அங்கே போல்ட்டை முடுக்கினால் மேடு நசுங்கும்.

எனக்குப் பிடித்த முறை இது. அடுத்தடுத்த இரண்டு பள்ளங்களில், பர்லின் கோட்டிலேயே, மேட்டைவிடச் சற்று உயரமான பைப் துண்டு ஒவ்வொன்று. அவற்றின் மேல் குறுக்கே ஓர் அலுமினியப் பட்டை. பட்டை, பைப், ரப்பர் வாஷர், ஷீட், பர்லின் எல்லாவற்றையும் துளைத்துக்கொண்டு போகும் போல்ட். விளக்கு அந்தப் பட்டையில் உட்காரும். எடையைப் பர்லின் சுமக்கும். பள்ளத்தில் வழியும் மழைநீர் பட்டைக்குப் பின்னால் தாராளமாக ஓடிக் கீழே போய்விடும், அடைக்க வேண்டியது அந்த இரண்டு போல்ட் ஓட்டையை மட்டும்தான். விளக்கின் முதுகில் காற்றும் புகுந்து போகும், எல்.இ.டி.க்குச் சூடுதானே முதல் எதிரி. விளக்கு சிறியது, பள்ளத்திலேயே அடங்கிவிடும் என்றால் அடியில் ரப்பர் வைத்து, மேலேயும் இரண்டு பக்கமும் மட்டும் சிலிக்கான் பூசுங்கள். கீழ்ப்பக்கத்தைத் தயவுசெய்து திறந்தே விடுங்கள்.

சிலிக்கான் என்றதும் இன்னொன்று. பூசும்போது வினிகர் வாசனை வந்தால் அது காயும்போது அசிட்டிக் அமிலத்தை வெளியிடுகிறது என்று பொருள். ஷீட்டின் மேல்பூச்சில் இருப்பதோ துத்தநாகம், கால்வால்யூம் வகையில் 55 சதவீதம் அலுமினியமும் 43 சதவீதத்துக்குச் சற்று மேல் துத்தநாகமும். துளையின் வெட்டிய ஓரத்தில் அந்தப் பூச்சு வெறுமையாக நிற்கும், அமிலம் அங்கேதான் அரிக்கத் தொடங்கும். டியூபில் நியூட்ரல் என்று எழுதியிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். துளையிட்டதும் விழும் இரும்புத் தூளையும் அப்போதே துடைத்துவிடுங்கள், ஒரு மழை நாளில் அது துருப்பொட்டாகிவிடும். வயர் நுழையும் இடத்தில் அதை இறுக்கிப் பிடிக்கும் திருகு மூடிதான் கிளாண்ட், அது பித்தளையில் வேண்டாம், தாமிரம் கலந்த உலோகம் ஈரத்தில் துத்தநாகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகம் கரையும். நைலான் கிளாண்ட் போதும். வாஷர் ரப்பர் ஈபிடிஎம் என்ற செயற்கை ரப்பராக இருக்கட்டும், அது வெயிலைத் தாங்கும். ரப்பர் போல்ட் தலைக்கு வெளியே பிதுங்கும்வரை முடுக்காதீர்கள், பிதுங்கிய ரப்பர் வெயிலில் வெடிக்கும்.

ஷீட் ஒரே அளவில் நிற்காது. 6 மீட்டர் இரும்பு ஷீட் 40 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் நீளும். வயர் போகும் பி.வி.சி. பைப் இரும்பைவிடச் சுமார் ஐந்து மடங்கு விரியும், 3 மீட்டர் பைப்பே 7 மில்லிமீட்டர் நீண்டுவிடும். அதனால்தான் இறுக்கிக் கிளிப் அடித்த பைப் மே மாதத்தில் வில் மாதிரி வளைந்து நிற்கிறது. கிளிப்பைக் கொஞ்சம் தளர்வாக விட்டு, ஒரு முனையை நகரவிட வேண்டும்.

மின்சாரத்தைக் கடைசியில் வைத்தாலும் உயிர் போகிற விஷயம் இதுதான். தகட்டில் போட்ட துளையின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். ஓரத்தை மூடும் ரப்பர் வளையம் (புஷ்) இல்லாமல் வயரை நுழைத்தால் ஷீட்டின் அதிர்வே உறையை அறுத்துவிடும். அப்புறம் 230 வோல்ட் ஒரு ஷீட்டோடு நிற்காது, ஸ்க்ரூ, பர்லின் வழியாக மொத்த ஷெட்டுக்கும் பரவும். காய்ந்த நாளில் யாருக்கும் தெரியாது. மழையில் வெறுங்காலோடு சுவரில் கை வைக்கிற குழந்தைக்குத்தான் தெரியும். ஃபியூஸ் இதைக் காப்பாற்றாது, அது உருக ஆம்பியர் கணக்கில் மின்சாரம் ஓட வேண்டும், ஆள் சாக அதில் சிறு பங்கே போதும். விளக்கின் உடம்புக்கும் ஷெட்டின் சட்டத்துக்கும் எர்த், அதோடு மின்கசிவைக் கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச், இரண்டும் இல்லாமல் தகரச் சுவரில் விளக்கு மாட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த இணைப்புகளை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். வயரை விளக்குக்குள் விடும்முன் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு மேலேற்றச் சொல்லுங்கள், வயர் வழியே வரும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

பல்லடத்தில் அடுத்த வாரமே பழையதைப் பிரித்து, பட்டை போட்டு மாட்டினோம். மெயினை அணைத்துவிட்டு, விளக்குக்கு ஒரு முழம் மேலேயிருந்து பத்து நிமிடம் ஹோஸ் பைப்பில் தண்ணீர் விட்டோம். பள்ளத்தில் இறங்கிய நீர் பட்டைக்குப் பின்னால் போய், கீழே இரண்டு கோடாக வெளியே வந்தது. எலக்ட்ரீஷியன் உள்ளே போய் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "காஞ்சு கிடக்குதுங்க" என்றார்.