உப்புக்குச் சப்பாணி என்ன கற்றுக்கொள்கிறான்?

மதுரை செல்லூரில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் மே மாதம் முழுக்கப் பல்லாங்குழி ஓடும். ஆடுவது பத்து, பன்னிரண்டு வயது அக்காமார். பக்கத்தில் நாலு வயதுப் பொடியன் ஒருவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிற்பான். அழுகையை நிறுத்த ஒரே வழிதான்: "சரி, நீ உப்புக்குச் சப்பாணி." ('ஒப்புக்கு' என்பதுதான் சரியாம், எங்கள் தெருவில் அது உப்புதான்.) சப்பாணிக்குத் தோல்வி கிடையாது, ஜெயிப்பும் கிடையாது. முத்துகளைக் குழியில் போடுவது மட்டும் அவன் வேலை.

"அங்கிட்டு இல்லடா, இங்கிட்டு. ஒவ்வொண்ணாப் போடு. தீந்துச்சா? அடுத்த குழியை அள்ளு."

ஒரு குழியில் நாலு முத்து சேர்ந்துவிட்டால் அது 'பசு'. குழிக்கு உரியவர் எடுத்துக்கொள்ளலாம். எண்ணிப் பார்க்காமல் ஒரே பார்வையில் எத்தனை என்று சொல்ல, பெரியவர்களுக்கே ஏறக்குறைய நாலு வரைதான் முடியும். அதற்கு மேல் போனால் எண்ணியாக வேண்டும். பொடியனுக்கு இதையெல்லாம் யாரும் விளக்குவதில்லை. ஆனால் லீவு முடிவதற்குள் அக்காவுக்கு முன்பே "பசு!" என்று கத்திவிடுவான்.

ஜீன் லேவ் என்ற மானுடவியலாளர் 1970களில் லைபீரியாவின் தையல்காரர்களிடம் இதே சங்கதியைப் பார்த்தார். தொழில் பழக வருகிறவனுக்கு முதலில் துணி வெட்டக் கொடுப்பதில்லை. பட்டன் தைப்பது, ஓரம் மடிப்பது என்று கடைசி வேலையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போகிறான். பட்டன் கோணலானால் பிரித்துத் தைக்கலாம். வெட்டு கோணலானால் துணியே போச்சு. தவிர, ஓரம் மடிக்கும்போதே சட்டை எப்படிச் சேர்ந்து நிற்கிறது என்பதும் கண்ணில் படுகிறது. நம் ஊர் டெய்லர் கடையில் காஜா பையனாகத் தொடங்கியவர்களுக்கு இதில் புதுசு ஒன்றுமில்லை. லேவும் எட்டியென் வெங்கரும் 1991-இல் இதை ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள்: ஓரத்தில் நின்றாலும் நிஜ வேலையில் கை இருக்க வேண்டும். நம் மொழியில், சப்பாணி.

சரி, சொல்லித்தர அக்கா எதற்கு, டீச்சர் போதாதா? ஒரு விஷயத்தை நன்றாகத் தெரிந்தவருக்கு, அது தெரியாமல் இருந்த காலம் மறந்துபோகிறது. அக்காவுக்கு அது போன வருஷம்தான். எந்தக் குழியில் கை தடுமாறும் என்று அவளுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. தனியாகச் செய்ய முடியாது, ஒருவர் கைகொடுத்தால் முடியும் என்ற அந்த இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது என்றார் ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி. கைகொடுப்பவர் பெரியவராக இருக்கலாம், கொஞ்சம் கூடத் தெரிந்த இன்னொரு பிள்ளையாகவும் இருக்கலாம். 1973-இல் ஷாட்ஸ், கெல்மன் என்ற இருவர் கண்டது இன்னும் வேடிக்கை: நாலு வயதுக் குழந்தைகளே, இரண்டு வயதுக் குழந்தையிடம் பேசும்போது வாக்கியத்தைச் சுருக்கி எளிமையாக்கிவிடுகிறார்கள். எந்தப் பயிற்சிக் கல்லூரியிலும் படிக்காமலே.

இதில் அக்காவுக்கும் லாபம் உண்டு. கணினித் திரையில் ஒரு பாத்திரத்தைக் கொடுத்து 'இதற்கு நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டும்' என்றபோது, தமக்காகப் படித்த பிள்ளைகளைவிட அதற்காகப் படித்தவர்கள் கூடுதல் நேரம் உழைத்தார்கள் என்று 2009-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வு ஒன்று காட்டியது. எதிரே ஒருவன் "ஏன்?" என்று கேட்கும்போதுதான் நமக்கே எது தெரியாது என்று தெரிகிறது.

நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சின்னவர்களைக் கவனித்துக்கொள்ளும் பெரிய பையன், சட்டாம்பிள்ளை, இருந்தான். சென்னை எழும்பூர் அநாதை இல்லப் பள்ளியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். பெரிய பையன் சின்னவனுக்குச் சொல்லித்தரும் அவருடைய முறை 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து வரை போனது. வயது கலந்த வகுப்பை வலியுறுத்திய மரியா மாண்டிசோரி, 1942 வாக்கில் கொடைக்கானலில் தங்கிப் பல வயதுப் பிள்ளைகளோடு வேலை செய்தார். அப்போது கொடைக்கானல் மதுரை மாவட்டம்தான்.

இதை வைத்து ஈராசிரியர் பள்ளிகளை நியாயப்படுத்த எனக்கு மனசில்லை. ஆளில்லாமல் ஐந்து வகுப்பை ஒரே அறையில் அடைப்பது வேறு, யோசித்துக் கலப்பது வேறு. 2007-இல் தமிழகம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றலில் ஒன்று முதல் நாலு வரை சேர்ந்து உட்கார்ந்தார்கள். ஆனால் ஒவ்வொரு பிள்ளையும் ஏறத் தனி ஏணிப்படி, தனி அட்டைகள் இருந்தன. சட்டாம்பிள்ளை கையில் பிரம்பு வந்தபோதும் விஷயம் கெட்டது. அடி விழும் என்றால் பொடியன் சப்பாணி இல்லையே!

இன்னொரு சிக்கல், எந்நேரமும் பொடியனைப் பார்த்துக்கொள்ளும் அக்காவின் ஆட்டம் என்ன ஆவது? அவளுக்கும் மேலே ஒருத்தி வேண்டும். எங்கள் திண்ணையில் சாயங்காலம் அத்தை மல்லி கட்ட உட்காருவார். அக்கா பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து ஒரு முழம் கட்டி நீட்டுவாள். அத்தை ஒன்றும் சொல்லாமல் பாதியைப் பிரித்து, நாரை அவள் கையிலேயே திரும்பக் கொடுப்பார்.