ஜெர்மனியில் கணவர் வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

"மாமியார் கைப்பட அழைப்புக் கடிதம் எழுதித் தருகிறேன் என்கிறார். அதை வைத்து விசா வாங்கிவிடலாமா?" ஜெர்மன்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு அவர் குடும்பத்தோடு போய் இருக்கப்போகும் பெண்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். வாங்க முடியாது. பெரியவர்கள் மனதார அழைப்பது நல்ல விஷயம். ஆனால் விசா கொடுக்கிறவர்கள் பார்ப்பது அதை அல்ல. குடும்பத்தோடு சேர்வதற்கான ஜெர்மன் விசா பெரும்பாலும் கணவன், மனைவி, பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகள் என்ற வட்டத்துக்குள்தான். மாமனார் வீட்டு மாடியிலேயே குடியிருந்தாலும், உங்கள் விசாவும் தங்கும் உரிமையும் உங்கள் திருமணத்தை வைத்துத்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

வசதிக்காகக் கணவர் என்றே எழுதுகிறேன். மனைவியிடம் போகும் ஆண்களுக்கும் இதே விதிதான். 2017 அக்டோபர் முதல் ஒரே பாலினத்தவரின் திருமணமும் அங்கே சட்டப்படி செல்லும். கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்வதற்கென்று விசா கிடையாது. அங்கே போய்க் கல்யாணம் செய்துகொள்ளத் தனி விசா உண்டு. சுற்றுலா விசாவில் போய், அங்கேயே அதைக் குடும்ப விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள். பெரும்பாலும் திரும்பி வந்து முதலிலிருந்து விண்ணப்பிக்க வைத்துவிடுவார்கள்.

உங்கள் கணவர் யார்?

எல்லாமே இந்தக் கேள்வியில் இருந்துதான் பிரிகிறது. கணவர் ஜெர்மன் குடிமகனாக இருந்து அங்கேயே வசித்தால், அவருக்கு இவ்வளவு சம்பளம், இவ்வளவு பெரிய வீடு என்று பொதுவாகக் கேட்பதில்லை. விசாக் கட்டணமும் இல்லை. கணவர் அங்கே வேலை பார்க்கும் இந்தியர் என்றால் வருமானம் காட்ட வேண்டும், கட்டணம் 75 யூரோ. புளூ கார்டு (உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளருக்கான பெர்மிட்) வைத்திருப்பவர், தகுதிபெற்ற பணியாளர் பெர்மிட்டில் இருப்பவர் போன்றோரின் துணைக்குச் சலுகைகள் உண்டு: ஜெர்மன் மொழிச் சான்று வேண்டாம், 2024 மார்ச் முதல் வீட்டின் அளவையும் கேட்பதில்லை. கணவர் பிரெஞ்சுக்காரர், இத்தாலியர் என்று வேறு ஐரோப்பிய ஒன்றிய நாட்டவராக இருந்து ஜெர்மனியில் வசித்தால் அது வேறு சட்டம். அதற்கும் மொழித் தேர்வு இல்லை. ஆக, ஜெர்மன் குடிமகனைக் கட்டியவருக்குத்தான் தேர்வு, புளூ கார்டு இந்தியரைக் கட்டியவருக்கு இல்லை. எனக்கு இது இன்றுவரை நியாயமாகப் படவில்லை. ஆனாலும் விதி அதுதான்.

ஆஸ்திரியாவும் சுவிட்சர்லாந்தும் ஜெர்மன் பேசினாலும் அங்கே சட்டம் வேறு. ஆஸ்திரியாவில் துணையாகச் சேர இருவருக்கும் 21 வயது ஆகியிருக்க வேண்டும். ஜெர்மனியில் 18 போதும். சுவிஸில் இருக்கும் ஈழத்து உறவுகள் சொல்வதைக் கேட்டு ஜெர்மனிக்குத் தயாராக வேண்டாம்.

ஏ1 தேர்வு

ஏ1 என்பது ஜெர்மன் மொழியின் தொடக்க நிலை. 2007 முதல் இருக்கும் நிபந்தனை இது. கிளம்புவதற்கு முன்பே எளிய ஜெர்மன் தெரியும் என்று காட்ட வேண்டும். சென்னையில் இந்தத் தேர்வை நடத்தும் கோதே நிலையம், நம் ஆட்களுக்கு மாக்ஸ் முல்லர் பவன், நுங்கம்பாக்கத்தில் இருக்கிறது. கேட்பது, படிப்பது, எழுதுவது, பேசுவது என்று நான்கு பகுதி. 100க்கு 60 வாங்கினால் தேர்ச்சி. எழுதும் பகுதியில் ஒரு படிவம் நிரப்பி, ஒரு சின்ன மின்னஞ்சல் எழுதினால் போதும்.

பலருக்கு உதறல் எடுப்பது பேச்சில்தான். சிலரைச் சேர்த்து மேசையைச் சுற்றி உட்காரவைப்பார்கள். பெயர், வயது, ஊர், மொழி, தொழில் என்று உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிறகு ஏதாவது ஒன்றை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள். விஜி என்று பெயர் இருந்தால் வி, ஐ, ஜே, ஐ என்று வாயில் வந்துவிடும். அங்கே அது ஃபவ், ஈ, யோட், ஈ. நான் பத்து நாள் பஸ்ஸில் போகும்போதெல்லாம் கடைப் பலகைகளைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் பழகினேன். போன பிறகு டாக்டரிடமும் வங்கியிலும் தொலைபேசியில் முதலில் செய்ய வேண்டியிருப்பது இதைத்தான், அதனால் உழைப்பு வீண்போகாது.

நம் ஊர்ப் பத்திரங்கள்

தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத் திருமணமும் கட்டாயம் பதிவாக வேண்டும், 90 நாளுக்குள். மண்டப ரசீதும் ஆல்பமும் சான்றிதழுக்கு ஈடாகாது. கல்யாணக் களேபரம் ஓய்ந்ததும் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

அதைவிடப் பெரிய தலைவலி இனிஷியல். ஜெர்மன் அலுவலகத்துக்கு முன்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு வேண்டும். நமக்கோ அப்பா பெயரின் முதல் எழுத்துதான். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டத்தில் அப்பா பெயர் இருந்தால் அங்கே அதுவே உங்கள் குடும்பப்பெயர் ஆகிவிடும். திருமணச் சான்றில் "ஆர்.", பாஸ்போர்ட்டில் முழுப்பெயர், ஏ1 சான்றில் வேறு வரிசை என்று இருந்தால் ஒவ்வொரு படியிலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். முதலில் பாஸ்போர்ட்டைச் சரிசெய்துவிட்டு, மற்ற எல்லாவற்றிலும் எழுத்து மாறாமல் அதேபோல் போடச் சொல்லுங்கள். சான்றிதழ்கள் உண்மையா என்று இங்குள்ள வழக்கறிஞர் ஒருவர் மூலம் தூதரகம் விசாரிக்கவும் கூடும். அந்தச் செலவு நம்முடையது, காத்திருப்பும் மாதக்கணக்கில் நீளலாம். விசா கைக்கு வரும்வரை வேலையை விடாதீர்கள், டிக்கெட்டும் போடாதீர்கள்.

இறங்கிய முதல் இரண்டு வாரம்

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் ஊர் அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். ஆன்மெல்டுங் என்பார்கள். அதற்கு வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட ஒரு தாள் தேவை. வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங் என்ற நீளமான பெயர் அதற்கு. கணவரின் பெற்றோர் வீட்டில் இருப்பவர்களுக்கு மாமனாரோ மாமியாரோ சட்டப்படி கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான். என் மாமனார் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து, என் பெயரை எழுத்து எழுத்தாகக் கேட்டு, சமையலறை மேசையில் உட்கார்ந்து நிரப்பினார். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடமும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

அன்று சாயங்காலமே இன்னொரு வேலை: தபால் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுவது. கணவர் வீட்டுக் குடும்பப்பெயர் மட்டும் அங்கே இருந்தால், உங்கள் அப்பா பெயருக்கு வரும் கடிதத்தைத் தபால்காரர் திருப்பி அனுப்பிவிடலாம். பதினோரு இலக்க வரி எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லாம் தபாலில்தான் வருகின்றன. எங்கள் வீட்டில் ஒட்ட மறந்து, என் வரி எண்ணுக்காக மறுபடி எழுதிப்போட வேண்டியதாயிற்று.

சில வாரத்தில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் கேட்டும் ஒரு கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. பயப்பட வேண்டாம். அது வீட்டுக்கு ஒன்றுதான், ஆளுக்கு ஒன்று அல்ல. மாமியார் வீட்டில் ஏற்கெனவே கட்டுகிறார்கள் என்றால் அவர்களுடைய எண்ணை எழுதிப் பதில் அனுப்பினால் போதும். பதில் போடாமல் விட்டால்தான் பாக்கி ஏறும்.

பெர்மிட், வேலை, வைத்தியம்

விசா முடிவதற்குள் வெளிநாட்டவர் அலுவலகத்தில் தங்கும் பெர்மிட்டுக்கு விண்ணப்பியுங்கள். சந்திப்பு நாள் கிடைக்கத் தாமதமாகும், அதனால் வந்த வாரமே கேளுங்கள். முதல் பெர்மிட் குறைந்தது ஓராண்டுக்கு. இதில் வேலை செய்யவும் சொந்தத் தொழில் தொடங்கவும் அனுமதி அடக்கம். தனியாகக் கேட்க வேண்டாம். "நீ வேலைக்குப் போக உரிமை இல்லை" என்று வீட்டில் யாராவது சொன்னால் அது தவறு.

கணவர் அரசு சார்ந்த காப்பீட்டில் இருந்தால், உங்களுக்கு வருமானம் இல்லாதவரை அவரோடு இலவசமாகச் சேரலாம். தனியார் காப்பீட்டில் இருந்தால் உங்களுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இதைக் கிளம்பும் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். இந்திய ஓட்டுநர் உரிமம் ஆறு மாதம்தான் செல்லும், பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டிக் காட்டுவதும் உண்டு. மணிக்கு ஒரு பஸ் வரும் சிற்றூரில் இது சின்ன விஷயம் அல்ல.

புதிதாகக் குடிவருகிறவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பில் 600 பாடநேரம் மொழி, 100 பாடநேரம் சட்டம், வரலாறு, வாழ்க்கைமுறை. கட்டாயம் சேருங்கள். எங்கள் பகுதி தென்மேற்கில் சுவாபியம். வீட்டில் பேசுவது நாம் படித்த ஜெர்மன் மாதிரியே இராது. எதற்கும் கடைசியில் "லெ" சேர்த்து, வீட்டை ஹைஸ்லெ என்பார்கள். மாமியாரிடம் பாசம் கற்றுக்கொள்ளலாம், அலுவலகக் கடிதம் படிக்க வகுப்புதான் வேண்டும். நிரந்தர உரிமைக்குக் கேட்கும், ஏ1-ஐவிட இரண்டு படி மேலான பி1 நிலையும் அங்கேதான் வரும்.

அந்த மூன்று ஆண்டு

யாரும் கல்யாண வீட்டில் பேச விரும்பாதது இது. நான் பேசியே ஆக வேண்டும். ஜெர்மனியில் கணவன் மனைவியாக மூன்று ஆண்டு சேர்ந்து வாழ்ந்த பிறகுதான், பிரிந்தாலும் உங்களுக்கென்று தனியாகத் தங்கும் உரிமை கிடைக்கும். 2011 வரை இது இரண்டு ஆண்டாக இருந்தது. ஊரில் கல்யாணமாகிக் காத்திருந்த காலம் கணக்கில் வராது.

இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு "வாயைத் திறந்தால் இந்தியாவுக்கு அனுப்பிவிடுவேன்" என்று மிரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அனுப்பும் அதிகாரம் கணவருக்கும் இல்லை, மாமியாருக்கும் இல்லை. முடிவெடுப்பது அலுவலகம். அடி, கொடுமை என்று இருந்தால் மூன்று ஆண்டு நிரம்பாமலே தனி உரிமை கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. வெளிநாட்டவர் தங்குவது பற்றிய ஜெர்மன் சட்டத்தின் 31ஆம் பிரிவு அது. மருத்துவச் சீட்டு, காவல்துறைப் புகார், குறுஞ்செய்திகள் எல்லாம் ஆதாரம். 116 016 என்ற எண்ணுக்கு இரவு பகல் எப்போதும் இலவசமாக அழைக்கலாம். பெயர் சொல்ல வேண்டாம், மொழிபெயர்ப்பாளர் உதவியும் உண்டு.

நல்ல வீட்டுக்குப் போகிறவர்களும் ஒன்று செய்யுங்கள். பாஸ்போர்ட், பெர்மிட், திருமணச் சான்று, முகவரிப் பதிவுத் தாள் நான்கையும் உங்கள் அலமாரியில் வையுங்கள், நகலை அம்மாவுக்கோ தோழிக்கோ அனுப்பிவிடுங்கள். மூன்று ஆண்டை எண்ணத் தொடங்கும் நாளுக்கு, மாமனார் கையெழுத்தோடு வாங்கிய அந்தப் பதிவுத் தாள்தான் சாட்சி.