கூட்டு நிறமியா, கலப்புச் சாயமா?

காரைக்குடியில் பெயிண்ட் வாங்கப் போன இடத்தில் கையில் கொடுத்த தமிழ்த் துண்டறிக்கையில் மறுபடியும் அதே சொல்: ‘கலப்புக் கனிமச் சாயம்’. ஆங்கிலத்தில் ‘composite pigment’ என்பதைத்தான் இப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற பெரியவர் எட்டிப் படித்துவிட்டு, “என்னப்பா, கலப்படச் சரக்கா?” என்று கடைப் பையனைக் கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை.

விஷயம் இதுதான். வெள்ளைப் பெயிண்டுக்கு அடிச்சுவரை மறைக்கும் திறனைத் தருவது டைட்டானியம் டையாக்சைடு. விலை அதிகம். அதனால் சுட்ட கயோலின், கால்சைட், பாரைட் போன்ற மலிவான கனிமத் துகள்மேல் அதை மெல்லிசாக ஏற்றுகிறார்கள். கால்சைட்டின் ஒளிவிலகல் எண் சுமார் 1.6, பெயிண்டின் பிசினுக்கு 1.5. இரண்டும் நெருங்கி இருப்பதால் வெறும் கால்சைட் மறைக்காது. ரூட்டைல் வகை டைட்டானியம் டையாக்சைடுக்கு 2.7. அது மேலே இருந்தால் போதும்.

முதலில் ‘சாயம்’ தவறு. கண்டாங்கி நூலைச் சாயத்தில் முக்கினால் கரைந்த நிறம் இழைக்குள் இறங்கும். இது கரையாமல் பொடியாகவே நின்று மூடுவது, ஆத்தங்குடிக் கல்லுக்குப் போடும் நிறப்பொடி மாதிரி. அதற்கு ‘நிறமி’ என்று நல்ல சொல் இருக்கிறது.

அடுத்தது ‘கலப்பு’. ‘composite’ என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்குச் ‘சேர்த்து வைத்தல்’ என்றுதான் பொருள், கலத்தல் இல்லை. இரண்டு பொடியைக் கொட்டிக் கிளறினால் கலவை. இங்கே ஈரத்தில் சேர்த்து அரைக்கும்போது இரு பரப்புகளும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. எங்கள் பழைய வீட்டில் பெயர்ந்து விழுந்த சாந்துத் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். உள்ளே மணல் தெரியும் சொரசொரப்பான காரை. மேலே முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்பு, நகக்கண் கனம்கூட இல்லை. பளபளப்பு முழுக்க அந்த மேல்பூச்சில். அதை யாராவது ‘கலப்புச் சுவர்’ என்பார்களா?

அப்படியானால் ‘உறைநிறமி’ எனலாமே என்று தனித்தமிழ் நண்பர்கள் சொல்கிறார்கள். அழகான சொல், ஆனால் போதாது. லித்தோபோன் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கும் கூட்டு வெள்ளை. துத்தநாக சல்ஃபைடும் பேரியம் சல்ஃபேட்டும் ஒன்றாகவே வீழ்படிவது. அதில் எது உறை, எது உள்ளீடு? ‘கூடு’ என்ற வினையிலிருந்து வந்த ‘கூட்டு’ இரண்டுக்கும் பொருந்தும். கூட்டுக் குடும்பம், கூட்டுறவு என்று நாம் தினம் புழங்கும் சொல். ‘கூட்டு நிறமி’ என்று அச்சடித்திருந்தால் அந்தப் பெரியவர் கலப்படம் பற்றிக் கேட்டிருக்கவே மாட்டார். அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்பாளர்கள், படிப்பவர் காதில் அது எப்படி விழும் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கக் கூடாதா?